"வின்ச்சை மாத்தணுமா... வேணாமா?" - போடி மலையில் ஒரு 1968 ஜீப், ஒரு குடும்பப் பஞ்சாயத்து!

போடிமெட்டைத் தாண்டி, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நடுவே இறங்கும் ஒரு மண் பாதை. ஜூலை மாதத்தின் ஒரு சனிக்கிழமை, மாலை 4 மணி. கொழுக்குமலை பற்றிய கட்டுரைக்காகப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். "குறுக்கு வழி மேடம், அரை மணி நேரம் மிச்சம்" என்று வாடகைக் கார் டிரைவர் அண்ணன் சொன்னதை நம்பியதுதான் தப்பு. முன்சக்கரங்கள் இரண்டும் சகதிக்குள் இறங்கிவிட்டன. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க டயர் சுற்றியதே தவிர, கார் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் கீழேதான் போனது. போனில் சிக்னல் ஒரு கோடு வரும், போகும். மழை மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து மேட்டிலிருந்து ஒரு சத்தம். பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று மெதுவாக இறங்கி வந்து, எங்களுக்கு 30 அடி முன்னால் நின்றது. தலையில் துண்டு கட்டிய பெரியவர் ஒருவர் இறங்கினார். வயது 71 என்று பிறகு தெரிந்துகொண்டேன். காரைப் பார்த்தார், சகதியைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமாம்மா?"

"ஸ்கூட்டி ஓட்டுவேன் ஐயா."

"அதுல கிளட்சு இல்லையே..." என்று யோசித்தவர், "சரி, ஏறி உக்காரு. நான் மிதின்னா மிதிக்கணும். விடுன்னா பைய விடணும். வேற எதையும் தொட்டுறாத" என்றார்.

கார் டிரைவர் அண்ணன் ஸ்டீயரிங் பிடிக்க வேண்டும் என்பதால் அவரால் வர முடியாது. ஆக, வாழ்க்கையில் முதன்முறையாக நான் உட்கார்ந்த ஜீப் ஓட்டுநர் இருக்கை, 55 வயதைத் தாண்டிய ஒரு மகிந்திரா சி.ஜே.3பி.

பெரியவர் ஜீப்பின் நான்கு சக்கரங்களுக்கும் கல் கொடுத்தார். முன்பம்பரில் பொருத்தியிருந்த இரும்பு உருளையிலிருந்து ஒயர் ரோப்பை இழுத்துக்கொண்டுபோய்க் காரின் கொக்கியில் மாட்டினார். நனைந்த சாக்கு ஒன்றை எடுத்து, நடுவில் அந்த ரோப்பின் மேலே போட்டார். எதற்கு என்று அப்போது புரியவில்லை. பிறகு என் பக்கத்தில் வந்து, கீழே இருந்த குட்டி லீவர்களில் ஒன்றை நியூட்ரலில் தள்ளி, இன்னொன்றைப் போட்டு, கியரையும் போட்டார். டேஷ்போர்டில் ஒரு நாபை இழுத்தார். இன்ஜின் சத்தம் ஏறியது. "வலது கால் பிரேக்குல இருக்கட்டும். இடது காலை... விடு. பைய!"

விட்டேன். ஜீப் நகரவில்லை. உருளை சுற்றியது. ரோப் முறுக்கேறி, நரம்புபோல விறைத்தது. கார் ஒரு பெருமூச்சு விட்டதுபோலச் சகதியிலிருந்து வெளியே வந்தது. "மிதி!" மிதித்தேன். எல்லாம் நின்றது.

மொத்தமே ஐந்து நிமிடம். என் முட்டி நடுங்குவது நிற்க இன்னும் ஐந்து நிமிடம் ஆனது.

பணம் வாங்க மறுத்துவிட்டார். "வீடு இங்கதான். டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். அந்த வீட்டில்தான் இந்தப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. நாங்கள் திண்ணையில் உட்கார்ந்த இரண்டாவது நிமிடம், கோவையில் இன்ஜினீயராக இருக்கும் மகனிடமிருந்து அவருக்கு போன்.

"என்னப்பா... அந்த வின்ச்சை மாத்துறீங்களா, இல்லையா?"

மூக்கு தூக்கிய ஜீப்

வின்ச் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: கிணற்றில் தண்ணீர் இறைக்கும் உருளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதையே இரும்பில் செய்து, பல்சக்கரம் வைத்து, வண்டியின் முன்னால் மாட்டினால் அதுதான் வின்ச். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கலாம். ரோட்டில் விழுந்த மரத்தை ஓரம் தள்ளலாம். எதிரே உறுதியான ஒரு மரம் இருந்தால், அதில் ரோப்பைக் கட்டித் தன்னைத்தானேகூட இழுத்துக்கொள்ளலாம்.

பெரியவரின் ஜீப் 1968 மாடல். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் வாரிசு. மகிந்திரா நிறுவனம் 1940-களின் கடைசியில் வில்லிஸ் உரிமத்துடன் இந்தியாவில் ஜீப் தொழிலுக்குள் வந்தது. சி.ஜே.3பி மாடல் அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை தயாரானது. அங்கே நிறுத்திய பிறகும் இங்கே பல ஆண்டுகள் ஓடியது. அதன் ஹரிகேன் இன்ஜின் 4 சிலிண்டர், 2.2 லிட்டர். முந்தைய இன்ஜினைவிட உயரம் அதிகம் என்பதால், அதை மூட பானெட்டையும் உயர்த்த வேண்டியிருந்தது. அதனால்தான் இந்த ஜீப்புகள் கொஞ்சம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். "கோவக்கார வண்டி மாதிரித் தெரியும். ஆனா சாது" என்கிறார் பெரியவர்.

போடியிலிருந்து விடியற்காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப்புகளை இந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அவரும் 25 வருடம் அப்படி ஓட்டியவர்தான். இப்போது சொந்த ஏலக்காய்த் தோட்டம் மூன்று ஏக்கர், வீடு, இந்த ஜீப். அக்கம்பக்கத்தில் எந்த வண்டி சிக்கினாலும் இவருக்குத்தான் போன் வரும்.

வின்ச் வந்த கதை தனி. மதுரையில் ஒரு பழைய இரும்புக்கடையில் 1979-ல் பார்த்து வாங்கினாராம். பெயர்ப்பலகை தேய்ந்துபோய், விரலால் தடவினால் 'ஹூஸ்டன், டெக்சஸ்' என்ற எழுத்து மட்டும் தட்டுப்படுகிறது. அந்த ஊரில் கேனிக் என்ற இரும்புப் பட்டறை ஜீப்புகளுக்கென்றே வின்ச் செய்து விற்றது. அது டெக்சஸிலிருந்து மதுரைக்கு எப்படி வந்தது என்பது கடைக்காரருக்கும் தெரியாதாம்.

இதற்கு பேட்டரி, மோட்டார் எதுவும் கிடையாது. ஜீப்பின் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஒரு ஷாஃப்ட், வண்டியின் அடியிலேயே ஓடி முன்பக்கம் வந்து வின்ச்சைச் சுற்றுகிறது. பி.டி.ஓ வின்ச் என்பார்கள். நம் ஊர் டிராக்டரில் பின்னால் ரோட்டவேட்டரைச் சுற்றவைக்கும் அதே பி.டி.ஓ.தான். சக்கரங்களுக்குப் போகும் சக்தியை நியூட்ரலில் நிறுத்திவிட்டு, வின்ச்சுக்கு மட்டும் திருப்பிவிடுகிறார்கள். கிளட்சை விட்டால் இழுக்கும், மிதித்தால் நிற்கும். உள்ளே இருப்பது வார்ம் கியர், அதாவது திருகுபோன்ற ஒரு தண்டு ஒரு பல்சக்கரத்தைச் சுற்றும் அமைப்பு. அதனால் கிளட்சை மிதித்ததும் இழுத்த சுமை விருட்டென்று பின்னால் ஓடாது. பெட்ரோல் இருக்கும்வரை நாள் முழுக்க இழுக்கும்.

அப்புறம் ஏன் மாற்றச் சொல்கிறார் மகன்?

"போன வருஷம் ரோப்பு அந்துருச்சு" என்றார் பெரியவரின் மனைவி, டீ டம்ளரை வைத்துக்கொண்டே.

அறுந்த ரோப்

சுற்றுலா வந்த ஒரு வேன் பள்ளத்துப் பக்கம் சரிந்து நின்றிருக்கிறது. இழுக்கும்போது ரோப் அறுந்து, கொக்கியோடு திரும்பிப் பறந்து, ஜீப்பின் கண்ணாடிச் சட்டத்தில் அடித்திருக்கிறது. அந்தச் சட்டத்தில் இன்னும் ஓர் ஆழமான வெட்டு இருக்கிறது. நான் அன்று உட்கார்ந்திருந்த இருக்கைக்கு நேர் எதிரே! விரலை வைத்துப் பார்த்தேன். பாதி விரல் உள்ளே போனது.

விறைத்து நிற்கும் இரும்பு ரோப், நீட்டிப் பிடித்த ரப்பர் பேண்ட் மாதிரி. அறுந்தால் அதில் தேங்கியிருக்கும் சக்தி முழுக்கச் சாட்டையாகத் திரும்பி வரும். நடுவில் சாக்கைப் போட்டாரே, அது அதற்குத்தான். அறுந்தாலும் சாக்கின் கனம் அதைத் தரையை நோக்கி இழுக்கும். ரோப்பின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, தாண்டக் கூடாது, வெறுங்கையால் பிடிக்கக் கூடாது, உருளையில் குறைந்தது ஐந்து சுற்றாவது மிச்சம் வைக்காமல் இழுக்கக் கூடாது... இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லித்தந்தது, வண்டியை இழுத்து முடித்த பிறகு.

"அன்னிக்கு யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா இவருக்கு மூணு நாள் தூக்கம் இல்ல" என்றார் அம்மா.

ரோப்பை மாற்றினார்கள். அதோடு மகன் விடவில்லை. "45 வருஷ வின்ச்சுப்பா. ரோப்பு போயிருச்சு, அடுத்து எது போகும்னு யாருக்குத் தெரியும்? எலெக்ட்ரிக் வின்ச் வாங்கித் தரேன்" என்கிறார். மாதத்துக்கு ஒருமுறை இந்த வாக்குவாதம். அன்று நான் வந்து மாட்டிக்கொண்டேன்.

எனக்கு என்ன தோன்றியது என்றால், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மாற்றிவிட வேண்டியதுதானே! 20 வயதுகளில் இருப்பவர்களுக்கு, இரண்டு வருடப் போனே பழசு. ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை என்று சொன்னவர், போடியில் இருக்கும் அவர்களின் மெக்கானிக்.

உடைய வேண்டியது உடையலையே!

ஆகஸ்ட்டில் மறுபடி போனேன். கட்டுரைக்காக என்று அலுவலகத்தில் சொன்னேன். உண்மையில் அந்தக் குடும்பம் என்ன முடிவெடுத்தது என்று தெரியாமல் எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. வின்ச்சைக் கழற்றி, போடி பட்டறையில் பெஞ்சின்மேல் பிரித்துப் போட்டிருந்தார்கள்.

மெக்கானிக் அண்ணன் முதலில் காட்டியது கியரை அல்ல. ஒரு சின்ன போல்ட்டை. அதன் தலையில் 8.8 என்று பொறித்திருந்தது.

"இது என்னன்னு தெரியுதா மேடம்? ஹை டென்சில் போல்ட்டு. லேசுல உடையாது. இது இருக்கற எடத்துல என்ன இருக்கணும் தெரியுமா? உடையுற பின்னு."

வின்ச்சைச் சுற்றும் ஷாஃப்ட்டில் ஷியர் பின் என்ற ஒன்று இருக்கும். மெதுவான இரும்பில் செய்த, விரல் நீளத்துக்கும் குறைவான ஒரு பின். தாங்க முடியாத சுமை வந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் அது 'டக்'கென்று உடைந்துவிட வேண்டும். ஷாஃப்ட் மட்டும் சும்மா சுற்றும். வின்ச் இழுப்பதை நிறுத்திவிடும். ரோப்புக்கோ, கியருக்கோ, ஆளுக்கோ ஒன்றும் ஆகாது. வீட்டு மின்சாரத்தில் ஃப்யூஸ் போவது மாதிரி. ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று கனமான கம்பியைச் சுற்றிவைப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? இங்கேயும் அதேதான் நடந்திருக்கிறது.

எப்போதோ ஒரு மழைநாளில் பின் உடைந்திருக்கிறது. கையில் வேறு பின் இல்லை. டப்பாவில் கிடந்த போல்ட்டைப் போட்டிருக்கிறார்கள். அது உடையவே இல்லை. "நல்லாத்தானே இழுக்குது" என்று அப்படியே விட்டுவிட்டார்கள். போட்டது யார் என்று கேட்டேன். பெரியவர் வானத்தைப் பார்த்தார்.

"நாந்தான்."

ஆக, போன வருடம் அந்த வேனை இழுத்தபோது உடைய வேண்டிய பின் உடையவில்லை. சங்கிலியில் அடுத்த பலவீனமான இடம் ரோப், அது அறுந்தது. ரோப்பை மட்டும் மாற்றி, போல்ட்டை அப்படியே விட்டு மறுபடி ஓட்டியிருக்கிறார்கள். நான் கிளட்சில் உட்கார்ந்த அன்றும் அந்த போல்ட்தான் உள்ளே இருந்தது என்பதை மெக்கானிக் அண்ணன் சொன்னபோது, எனக்கு மறுபடி முட்டி நடுங்கியது.

"அப்போ வின்ச்சு மேல தப்பு இல்லல்ல?" என்று பெரியவர் கொஞ்சம் உற்சாகமாகக் கேட்டார்.

"வின்ச்சு மேல இல்ல மொதலாளி. ஆனா வார்ம் வீலு பல்லு தேஞ்சிருக்கு, பாருங்க. ஆயில் சீலும் போச்சு."

அந்தப் பல்சக்கரம் செம்புக் கலவையில் வார்த்தது. இரும்புத் தண்டோடு உரசும்போது இதுதான் தேய வேண்டும், தண்டு தேயக் கூடாது என்பதற்காகவே அப்படி. 45 வருடம் தேய்ந்திருக்கிறது. புதுசு கடையில் கிடைக்காது. அளவெடுத்து கன்மெட்டலில் வார்த்து, லேத்தில் பல் வெட்டித் தரும் பட்டறை மதுரையில் இருக்கிறது. செய்தால் இன்னொரு தலைமுறைக்கு ஓடும் என்றார் மெக்கானிக்.

மகன் போட்ட கணக்கு

மகனிடமும் பேசினேன். அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அதுவும் நிறையவே.

மின்சார வின்ச் நேற்று வந்த பொருள் அல்ல. போரில் மிஞ்சிய ஜீப்புகளுக்கு முன்சக்கர ஹப் செய்து விற்க 1948-ல் ஆர்தர் வார்ன் என்ற அமெரிக்கர் தொடங்கிய நிறுவனம், 1959-லேயே ஜீப்புகளுக்கு மின்சார வின்ச் கொண்டுவந்துவிட்டது. 1974-ல் அவர்கள் விட்ட 8274 என்ற மாடலுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. எண்ணில் உள்ள 8 என்பது 8,000 பவுண்டு இழுவையைக் குறிப்பது, 74 என்பது ஆண்டு. நம் கணக்கில் சுமார் 3,600 கிலோ.

"பி.டி.ஓ வின்ச்சுக்கு இன்ஜின் ஓடணும். ஜீப்பே தண்ணியில இறங்கி இன்ஜின் நின்னுட்டா அது வெறும் இரும்பு. எலெக்ட்ரிக் பேட்டரியில ஓடும். எல்லாத்தையும்விட, கையில ரிமோட் இருக்கும். ஒரு ஆள் போதும். அப்பா தள்ளி நின்னு, ரோப்பைக் கண்ணால பார்த்துக்கிட்டே இழுக்கலாம்" என்றார் மகன்.

இது ரொம்பச் சரி. ஆனால் அந்த ஜீப்பில் பொருத்துவதற்கு ஒரு விலை இருக்கிறது. இந்த அளவு மின்சார வின்ச் முழுச் சுமையில் 400 ஆம்பியர் வரை உறிஞ்சும். ஜீப்பில் இருப்பது அந்தக் காலத்து டைனமோ. ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் கணக்குப் பார்த்துக் கொடுப்பது. அதை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர், பெரிய பேட்டரி, கனமான கேபிள் எல்லாம் போட வேண்டும். அப்போதும்கூடத் தொடர்ந்து இழுக்க முடியாது. முழுச் சுமையில் ஒரு நிமிடம்போல ஓட்டிவிட்டு, மோட்டார் சூடு ஆறக் காத்திருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து லட்சத்தை நெருங்கும் என்பது மெக்கானிக்கின் மதிப்பீடு. மகன் அதற்குத் தயார்.

இடையில் இன்னொரு யோசனையும் வந்திருக்கிறது. 50 வயதைத் தாண்டிய வாகனங்களுக்கு மத்திய அரசு 2021-ல் 'விண்டேஜ்' பதிவு முறையைக் கொண்டுவந்தது. 'VA' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் பிளேட், 20,000 ரூபாய் கட்டணம், 10 வருடத்துக்குச் செல்லும். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் வண்டி பெரிய மாற்றம் எதுவும் இல்லாமல் பழைய வடிவில் இருக்க வேண்டும். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத் தவிர அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது.

"அப்போ வேனு பள்ளத்துல கெடந்தா, கண்காட்சி இருந்தாத்தான் போகணுமா?" என்று கேட்டு அந்த யோசனையை ஒரே வரியில் முடித்துவிட்டார் பெரியவர்.

சாதாரணப் பதிவில் இருக்கும் வண்டியிலும் இஷ்டத்துக்கு எதையும் மாட்ட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரத்துக்கு முரணாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. முன்பம்பரில் கூடுதலாக மாட்டும் இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக 2017 டிசம்பரில் மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதமே எழுதியது. உங்கள் வீட்டு வண்டியில் வின்ச்சோ, வின்ச் பம்பரோ போடும் ஆசை இருந்தால், கடைக்குப் போகும் முன் ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு நானும் ஒரு தீர்ப்பு எழுதியிருந்தேன். மகன் சொல்வதே சரி. 71 வயது மனிதர் மழையில் தனியாகப் போகிறார். ஒரே ஆளால் இயக்க முடிகிற கருவிதான் அவருக்குப் பாதுகாப்பு. பழைய வின்ச்சைச் சரிசெய்வது பாசம், மாற்றுவது புத்தி.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார்.

"ஒரு ஆள் போதும்னா..."

"ஏன் தாயி, உனக்குமா புரியல? இந்த வின்ச்சுக்கு ரெண்டு ஆளு வேணும். கிளட்சுல ஒரு ஆளு, ரோப்புக்கிட்ட ஒரு ஆளு. அதனாலதான் இவுக இந்த வயசுலயும் யாரையாச்சும் கூப்புட்டுக்கிட்டுப் போறாக. ஆளு கெடைக்கலைன்னா சில நேரம் போகாமக்கூட இருப்பாக. என் மகன் வாங்கித் தர்ற மிஷினுக்கு ஒரு ஆளு போதுமாம். அப்போ என்ன ஆகும்? நடுராத்திரி போன் வந்தாலும் தனியாத்தான் கெளம்புவாக. கால் வழுக்கி விழுந்தா தூக்கிவிட ரிமோட்டா வரும்?"

எனக்குப் பதில் வரவில்லை.

27 வருடம் அந்தக் கிளட்சில் உட்கார்ந்தவர் ஒருவர் இருந்தார். ஜீப்பில் கிளீனராக வந்து, வீட்டில் ஒருவராகவே ஆகிவிட்டவர். அவர்கள் இருவருக்கும் 'மிதி', 'விடு'கூடத் தேவைப்படாதாம். கையை உயர்த்தினால் போதும். மூன்று வருடங்களுக்கு முன்னால் அவர் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு அகப்பட்ட ஆளை உட்காரவைத்து இழுக்கிறார் பெரியவர். அன்று அகப்பட்டது நான்.

கிளீனர் லீவில் இருந்த ஒரு ராத்திரி, அம்மாவே கிளட்ச் மிதித்திருக்கிறார். 1993-ம் வருடம், மழைக்காலம். தோட்ட லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. போடிக்கு இறக்க வேண்டும். வழியில் மரம் விழுந்து கிடக்கிறது. பெரியவர் மழையில் நனைந்துகொண்டு மரத்தில் ரோப்பைக் கட்ட, அம்மா டிரைவர் சீட்டில்.

"பின்னால அந்தப் புள்ள கத்துது. எனக்குக் கை கால் ஓடல. இவுக டார்ச்சை மேல ஆட்டுனா விடணும், கீழ ஆட்டுனா மிதிக்கணும். மரம் நகருது, ஜீப்பே முன்னால இழுபடுது, நான் பிரேக்குல ஏறி நிக்கிறேன். இன்னிக்கு போன்ல பாடம் எடுக்குறானே, அவன் அன்னிக்கு என் மடியில தூங்கிக்கிட்டு இருந்தான். ரெண்டு வயசு."

மரம் நகர்ந்தது. அந்தப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை. இப்போது அவர் திருப்பூரில் வேலை பார்க்கிறாராம். பொங்கலுக்கு வந்தால் ஜீப்பைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவாராம்.

அம்மாவுக்கு இப்போது முட்டிவலி. கிளட்ச் மிதிக்க முடியாது. "முடிஞ்சா நானே போவேன்" என்றார்.

அன்று இரவு மகனோடு ஸ்பீக்கரில் பேச்சு. நானும் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். மகன் கோபப்பட்டார். "அம்மா, ஆள் கிடைக்கலைன்னா போகமாட்டார்ங்கிறது உங்க நம்பிக்கை. உண்மையில அவர் அரைகுறை ஆளை வச்சு இழுப்பார். அது இன்னும் ஆபத்து" என்றார். அரைகுறை ஆளாகிய நான் தலையைக் குனிந்துகொண்டேன். இரண்டு பேரும் சொல்வது சரிதான் என்பதுதான் சிக்கல்.

முடிச்சை அவிழ்த்தது வேறொருவர். பெரியவரின் தம்பி பேத்தி, 23 வயது. பக்கத்து வீடு. போடியில் ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறார். சாயங்காலம் வீட்டில்தான் இருப்பார். அப்பாவின் ஜீப்பை 16 வயதிலேயே தோட்டத்துக்குள் ஓட்டிப் பழகியவர். "ஏன் தாத்தா, இத்தனை பேரு பேசுறீங்க, என்கிட்ட யாராச்சும் கேட்டீங்களா?" என்றார், வாசலில் நின்றுகொண்டே.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

"ராத்திரி கூப்புட்டா வருவியா?" என்றார் பெரியவர்.

"நீங்க தனியாப் போக மாட்டேன்னு சொல்லுங்க. நான் வர்றேன்."

ஆக, வின்ச் மாறவில்லை. மதுரையில் புது வார்ம் வீல் வார்த்து வந்தது. சீல், ஆயில் எல்லாம் புதிது. மகனுக்கும் பாதி வெற்றி: இரும்பு ரோப்புக்குப் பதில் சின்தெடிக் ரோப். இரும்பைவிடப் பல மடங்கு எடை குறைவு, அறுந்தாலும் அந்த அளவுக்குச் சாட்டையாகத் திரும்பாது. ஆனால் செல்லப்பிள்ளை, வெயிலில் கிடக்கக் கூடாது, மண் ஏறினால் அலச வேண்டும். பழைய உருளையில் இரும்பு ரோப் கிழித்த பிசிறு இருந்தால் அதையே அறுத்துவிடும். அதனால் உருளையைத் தேய்த்து வழவழப்பாக்கி, ரோப் நுழையும் வாயிலில் தழும்பு விழுந்த பழைய ரோலர்களை எடுத்துவிட்டு, வளைவான அலுமினியத் தகட்டைப் போட்டார்கள். இரண்டு ஜோடி கையுறை, மரத்தைக் காயப்படுத்தாத அகலமான பட்டை, இழுவையை இரட்டிப்பாக்கும் ஒரு புல்லி ஆகியவற்றையும் கோவையிலிருந்து பார்சலில் அனுப்பினார் மகன். உள்ளே ஒரு சீட்டு: 'அடுத்த வருடம் மறுபடி பேசுவோம்.'

தனி ஆளாக வண்டி எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறவர் என்றால், நான் இப்போதும் மின்சார வின்ச்சைத்தான் சொல்வேன். அந்த வீட்டில் மட்டும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செப்டம்பர் முதல் ஞாயிறு, சோதனை ஓட்டம். தோட்டத்துக்குள் நிற்கும் ஒரு பெரிய பலா மரத்தில் பட்டையைச் சுற்றி ரோப்பை மாட்டினார்கள். ஜீப்பின் பின்பக்கத்தை இன்னொரு மரத்தில் சங்கிலியால் கட்டியாகிவிட்டது. இழுத்தால் இரண்டு பக்கமும் எதுவும் நகர முடியாது. பின் உடைகிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். மெக்கானிக் அண்ணன் மெதுவான இரும்பில் கடைந்த 10 பின்களை ஒரு டப்பியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எங்களையெல்லாம் ரோப்பின் கோட்டைவிட்டு நன்றாகத் தள்ளி, பக்கவாட்டில் நிறுத்தினார். நடுவில் நனைந்த சாக்கு. பேத்தி கிளட்சில். பெரியவர் ஓரமாக நின்று கையை உயர்த்தினார்.

ரோப் விறைத்தது. இன்ஜின் முக்கியது. சங்கிலி இறுகியது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

'டக்!'

உருளை அப்படியே நின்றது. ஷாஃப்ட் மட்டும் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. பேத்தி கிளட்சை மிதித்தார்.

திண்ணையிலிருந்து அம்மாவின் குரல்: "என்னாச்சு? ஒடஞ்சுருச்சா?"

"ஒடஞ்சுருச்சு" என்றார் பெரியவர், முகமெல்லாம் சிரிப்பாக.

"அப்பச் சரி. சாப்பிட வாங்க!"